நீ சொன்ன புதினாத் துவையல்

தம்பி,

மொதல்ல இத படிச்சிக்கோ. உமா நல்லா இருக்கா. வயித்துல இருக்கிற புள்ளையும் நல்லா இருக்கு. நேத்துதான் மறுபடியும் ஒரு ஸ்கேன் எடுத்துட்டு வந்தோம், டாக்டரம்மா சிரிச்ச முகத்தோட அனுப்பி வச்சாங்க. நானும் உங்கப்பாவும் திடமா இருக்கோம். இத எதுக்கு மொதல்லயே சொல்றேன்னா, நீ அவசரக்காரன். நாலு வரி படிக்கிறதுக்குள்ள போனைத் தூக்கிக்கிட்டு என்ன ஆச்சு என்ன ஆச்சுன்னு கத்துவ. ஒன்னும் ஆகல. ஒன்னும் ஆகலைங்கிறதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன். கொரியாவுல உன் ரூம்ல ஒரு காப்பி கலக்கி வச்சிக்கிட்டு நிதானமா உக்காந்து படி. உன்கூட டிரெயினிங் வந்திருக்கிற நம்ம பையனுங்க இருந்தா அவங்களுக்கும் படிச்சுக் காட்டு. கல்யாணம் ஆனவனுக்கும் ஆகப் போறவனுக்கும் இதுல விஷயம் இருக்கு.

போன்லயே சொல்லலாம்லன்னு கேப்ப. போன்ல உன்கிட்ட எதையும் முழுசா சொல்ல முடியாது. பாதியிலயே "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சிடுவ. அதனால பேனா புடிச்சு எழுதுறேன். உங்கப்பா ஒவ்வொரு பக்கமா போட்டோ புடிச்சு உனக்கு அனுப்புவாரு. அவரோட கட்டை விரலும் சேந்து விழும், கண்டுக்காத. நீ கிளம்பிப் போன பிறகு இங்க ஒன்னு நடந்துச்சு. அதுல பெரிய பங்கு எனக்கு. ஆனா உனக்கும் ஒரு பங்கு இருக்குப்பா. அதை நீ திரும்பி வந்து வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிக்கணும்.

உனக்குத் தெரியாதது ஒன்னைச் சொல்றேன். உமாவைக் கட்டிக்கிட்டு நீ வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்த நாள்லேந்து எனக்குள்ள ஒரு உதறல் இருந்துச்சு. அவங்க ஜோகூர் பாருல ரெண்டு தலைமுறையா துணிக்கடை வச்சிருக்கிற செட்டியார் வீடு. நான் குளுவாங் பக்கம் எஸ்டேட்ல பொறந்து, தெப்ராவ்ல பேக்டரி லைன்ல நின்னு காலம் தள்ளினவ. அந்தப் பொண்ணு ஒரு வார்த்தை தப்பா பேசினதில்ல, அது வேற. ஆனா நான் என்ன குடுத்தாலும் மெதுவா ரெண்டு கையால வாங்கிக்குவா, "நன்றி அத்தை"ம்பா, அவ்வளவுதான். புடிச்சிருக்கா புடிக்கலியான்னு முகத்துல ஒன்னும் தெரியாது. நான் வாய் ஓயாதவ. அவ வாய் தொறக்காதவ. நடுவுல நீ ஒருத்தன், ரெண்டு பக்கமும் ஓடி ஓடி சேதி சொல்லிக்கிட்டிருந்த.

அப்புறம் நாலு வருஷம் காத்திருந்து அவ முழுகாம இருக்கான்னு தெரிஞ்சப்ப நான் ஆடின ஆட்டம் உனக்குத் தெரியும். அவளுக்கோ தண்ணி குடிச்சாக்கூட வாந்தி. நீ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக விடியுறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவ, பாலம் தாண்டி வீடு திரும்ப ராத்திரி ஆயிடும். தெப்ராவ்ல உங்க எட்டாவது மாடி வீட்டுல அவ ஒத்தையில எதைச் சாப்பிடுவா, எதைக் கக்குவான்னு எனக்கு இங்க உலு திராம்ல உக்காந்துகிட்டு சோறு இறங்கல. பாசார்ல விக்கிற கீரையப் பாத்தாலே எனக்குப் பயம். எல்லாம் மருந்தடிச்சு வளத்தது. புழு கூட தொடாத கீரையை மனுஷன் எப்படித் தின்பான்னு கடைக்காரன்கிட்டயே சண்டை போட்டிருக்கேன். அதான் ஒரு முடிவுக்கு வந்தேன். என் மருமகளுக்கு நானே ஒரு பெட்டி செஞ்சு, அதுல நல்ல மண்ணு போட்டு, புதினா, வல்லாரை, கற்பூரவல்லி, துளசி எல்லாம் வச்சுக் குடுக்கணும். பால்கனியில வச்சிக்கிட்டா வேணுங்கிறப்ப கையை நீட்டிப் பறிச்சுக்கலாம், மருந்து மாயம் ஒன்னும் கிடையாது. மருந்துங்கிற வார்த்தையை இங்க நல்லா ஞாபகம் வச்சிக்கோ.

பெட்டி கடையில விக்குது, எனக்குத் தெரியாதா. பிளாஸ்டிக்ல அழகழகா விக்குது. எனக்கு மனசு வரல. பலகையில செய்யணும்னு பிடிவாதம். குளுவாங்ல உங்க மாமா வீட்டுக்குப் பின்னாடி ஒரு பழைய கொட்டாய் இருந்துச்சே, அதைப் பிரிச்சுப் போட்டுட்டாருன்னு கேள்விப்பட்டேன். அந்த வாரமே போனேன். எங்கண்ணன் செம்பனைக் குலை வெட்டுற ஆளுங்களோட தோட்டத்துல நின்னாரு. "வேணுங்கிறதை எடுத்துக்கம்மா"ன்னு அங்கேந்தே கையைக் காட்டுனாரு. நான் பலகைக் குவியல்ல எறங்கினேன். பாதிப் பலகை கரையான் தின்னு பிஸ்கட் மாதிரி நொறுங்குது. புரட்டிப் புரட்டிப் பாத்தா, அடியில ஆறேழு பலகை மட்டும் கல்லு கணக்கா இருக்கு. ஒரு ஓட்டை இல்ல, ஒரு புழு இல்ல. எனக்குன்னே எடுத்து வச்ச மாதிரி இருந்துச்சு. வேன்ல ஏத்தி வீட்டுக்கு வர்ற வரைக்கும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கிட்டு வந்தேன்.

உங்கப்பாவுக்குச் சுத்தியலைக் கண்டாலே ஆகாது, உனக்குத் தெரிஞ்சதுதான். ஆனா பிடிச்சுக்கிறதுக்கு ஒரு ஆள் வேணும்ல. கார் போர்ச்சுல ரெண்டு நாற்காலியைக் கவுத்துப் போட்டு, அதுமேல பலகையை வச்சு, அவரை ஒரு முனையில உக்கார வச்சேன். துருப்புடிச்ச ஆணியெல்லாம் கடப்பாரையால நெம்பி எடுத்தேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சேன். மூணடி நீளம், ஒரு அடி அகலம்னு அளந்து, அறுத்து, மண்ணு காகிதம் போட்டுக் கை எரியிற வரைக்கும் இழைச்சேன். ஆணி அடிச்சா பலகை பொளந்துடும்னு மொதல்ல சின்னதா துளை போட்டு ஸ்க்ரூதான் முடுக்கினேன். அடியில தண்ணி வடிய ஓட்டை. கொசு முட்டை வச்சுத் தொலைச்சா டெங்கி வரும்னு கீழ வைக்கிற தட்டுல மணல். பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா வந்து பாத்துட்டு, உள்ள பிளாஸ்டிக் ஷீட் போடு, பலகை ரொம்ப நாளைக்கு வரும்னு சொன்னாங்க. கேட்டேனா. மரம் மூச்சு விடட்டும், செடிக்கு அதுதான் நல்லதுன்னு பெரிய விவசாயி மாதிரி பதில் சொன்னேன். மிச்சப் பலகையில நம்ம சமையல்கட்டு ஜன்னலுக்கும் ஒரு குட்டிப் பெட்டி செஞ்சேன். கடைசியா, புதுசா எது வந்தாலும் செய்வேனே, அதே மாதிரி மூணு பக்கமும் மஞ்சள் தடவி குங்குமம் வச்சேன். வாஷிங் மெஷினுக்கே வச்சவ நான். உன் மொத சைக்கிளுக்கு வச்சப்ப நீ வெக்கப்பட்டு டிஷ்யூவால அழிச்ச. கை தன்னால வைக்கும், அதுல யோசிக்க ஒன்னும் இல்ல.

நீ கொரியாவுக்குக் கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, நீயும் உங்கப்பாவும் சேந்து தூக்கி, லிஃப்டுல ஏத்தி, உங்க ரூம் பால்கனியில கொண்டுபோய் வச்சீங்களே, அதுதான். உமா ரெண்டு கையையும் பெட்டி மேல வச்சு, அப்படியே கண்ணுல ஒத்திக்கிட்டா. "காலையில எந்திரிச்சதும் இதுங்கிட்ட வா, உனக்கும் நல்லது, புள்ளைக்கும் நல்லது"ன்னு நான் சொன்னேன். "சரிங்க அத்தை"ன்னா. பறிச்சுத் தின்னுன்னு ஒரு வார்த்தை சொல்லல. புதினாவை வேற எதுக்கு வளப்பாங்க, இதைப் போய் சொல்லணுமான்னு இருந்துட்டேன்.

அப்புறம் நீ கொரியாவுலேந்து கூப்பிடுறப்பல்லாம் நான் கேட்டேன். "சாப்பிடுறாளாடா?" நீ என்ன சொன்ன? "டெய்லி சாப்பிடுறாம்மா. புதினாத் துவையல் அரைச்சு, அதுதான் வாந்திக்குக் கேக்குதாம்." இன்னொரு தடவை, "வல்லாரைச் சட்னியாம்மா, அத்தை போட்ட மண்ணே தனின்னு சொன்னா." தம்பி, அன்னிக்கு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா. போனை வச்சுட்டு உங்கப்பாகிட்ட மூணு தடவை சொன்னேன். நம்ம தாமான் வீட்டு வரிசையில கண்ட பொம்பளைங்ககிட்டயெல்லாம், என் மருமக என் கைப் புதினா இல்லாம சாப்பிட மாட்டான்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். உமாகிட்ட நேரா கேக்கல. கேட்டா கணக்குப் பாக்குற மாமியார்னு நினைச்சிடுவாளோன்னு. பால்கனிக்குப் போயும் பாக்கல. புருஷன் பொண்டாட்டி ரூமுக்குள்ள நான் எதுக்குப் போவேன்.

வளைகாப்புக்கு ரெண்டு மூணு நாள் இருக்கிறப்ப உங்க மாமா வாழைத்தாரோட வந்தாரு. உங்கப்பா சமையல்கட்டுல உக்காந்து புதினா போட்ட டீ குடிச்சிக்கிட்டிருந்தாரு. எங்கண்ணன் தாரை எறக்கி வச்சுட்டு நிமிந்தவரு ஜன்னலைப் பாத்தாரு. குட்டிப் பெட்டியைத் தட்டிப் பாத்தாரு. "ஏம்மா, இது அந்த மருந்து ஷெல்ஃபு பலகையில்ல?"ன்னாரு. எந்த ஷெல்ஃபுன்னு கேட்டேன். "கொட்டாயில களைக்கொல்லி, கரையான் மருந்து, எலி மருந்து எல்லாம் அடுக்கி வச்சிருந்தோம்ல. டின்னு ஒழுகி ஒழுகி வருஷக்கணக்கா பலகையில ஊறிப்போச்சு. அதான் பாரு, அதை மட்டும் கரையான் தொடல"ன்னு சிரிச்சாரு. சிரிச்சவரு என் மூஞ்சியைப் பாத்து நிறுத்திட்டாரு. உங்கப்பா டீ கப்பை மேசையில வச்சுட்டு, "அலமாக்"ன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாரு.

எங்க ரெண்டு பேரையும் விடு, நாங்க தின்னு கெட்டது போதும். அந்தப் பொண்ணு நாலு மாசமா தினமும் அரைச்சுத் தின்னுருக்காளே. நாலு வருஷம் காத்திருந்து வந்த புள்ளைக்கு, கடைக்கீரையில மருந்து இருக்குன்னு பயந்து, நானே மருந்துப் பெட்டி செஞ்சு தூக்கிட்டுப் போய் பால்கனியில வச்சுட்டு வந்திருக்கேனே. என் கையைப் பாத்தா எனக்கே அருவருப்பா இருந்துச்சு. எங்கண்ணன் பாவம், நான்தானே சொல்லாம விட்டேன்னு தலையில கைவச்சு உக்காந்துட்டாரு. அவரு மேல ஒரு தப்பும் இல்ல. எடுக்குறதுக்கு முன்னாடி இது எங்க கிடந்த பலகைன்னு ஒரு வார்த்தை நான் கேட்டிருக்கணும்.

உனக்குத்தான் உடனே போன் பண்ணேன், ஞாபகம் இருக்கா? நீ கேன்டீன்ல இருந்த, பின்னாடி ஒரே சத்தம். குரலை அடக்கிக்கிட்டு, "இன்னும் அந்தப் புதினா சாப்பிடுறாளாடா?"ன்னு கேட்டேன். நீ பொய்யின்னு சொல்லியிருந்தா அங்கேயே முடிஞ்சிருக்கும். நீ என்ன சொன்ன? "சாப்பிடுறாம்மா, நேத்துகூட ரெண்டு வேளை." ரெண்டு வேளைன்னு சொன்னியே பாவி. நான் போனை வச்சுட்டு குளியலறைக்குள்ள போய் தண்ணியைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதேன். உனக்குச் சொல்லல. அவ்வளவு தூரத்துல நீ என்ன பண்ண முடியும், மெஷின்ல கையை விட்டுடுவியோன்னு பயம்.

உங்கப்பாதான் என்னை கிளினிக்குக் கூட்டிட்டுப் போனாரு. நம்ம வழக்கமா பாக்குற மலாய் டாக்டரம்மா. அவங்க திட்டல. எங்க ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாங்க. பிறகு, "உங்க மருமக எவ்வளவு சாப்பிட்டாங்க, எத்தனை நாளா, அது தெரியாம என்னால எதுவும் சொல்ல முடியாது. மொதல்ல அவங்ககிட்ட சொல்லுங்க, அப்புறம் அவங்க பாக்குற டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க"ன்னாங்க. அந்தப் புள்ளை பயந்துடுவாளேன்னேன். "நீங்க சொல்லாம விட்டாதான் நான் பயப்படுவேன்"ன்னாங்க. அங்கேந்து நேரா தெப்ராவ். வழியெல்லாம் எப்படிச் சொல்றதுன்னு வார்த்தை தேடினேன், ஒன்னும் கிடைக்கல. செட்டியார் வீட்டுல என்ன சொல்வாங்கன்னு ஒரு பக்கம் ஓடுச்சு. எஸ்டேட்டுக்காரி விஷத்தைக் குடுத்துட்டான்னு சொல்வாங்க. சொல்லட்டும், புள்ளை நல்லா இருந்தா போதும், என்ன வேணும்னாலும் சொல்லட்டும்னு வேண்டிக்கிட்டே போனேன்.

கதவைத் திறந்தது, நீ போனதுலேந்து அங்க துணைக்கு இருக்கிற உமாவோட தங்கச்சி. உமா உக்காந்து வேலை பாத்துக்கிட்டிருந்தா, எந்திரிச்சு வந்தா. "பால்கனியைப் பாக்கலாமாம்மா?"ன்னு கேட்டேன். அவ முகம் மலர்ந்துச்சு. "வாங்க அத்தை"ன்னு முன்னாடி நடந்தா. தம்பி, நான் அங்க பாத்ததை உனக்கு எப்படி எழுதுறது. பெட்டிக்கு முன்னாடி தரை பளிச்சுன்னு துடைச்சு, சின்னதா ஒரு கோலம். ஓரத்துல ஒரு அகல். நான் வச்ச குங்குமம் மங்கிப்போகாம, தினமும் புதுசா வச்ச மாதிரி பளீர்னு இருக்கு. புதினா நீண்டு வளந்து பெட்டிக்கு வெளிய தொங்கி தரையைத் தொடுது. வல்லாரை கம்பி வழியா பக்கத்து வீட்டுப் பால்கனிக்கே போய்ச் சேந்துடும் போல. பறிக்கிற புதினா இப்படியா வளரும். ஒரு காம்பு கிள்ளின அடையாளம் இல்ல.

"ஏம்மா, பறிக்கிறதில்லையா?"ன்னு கேட்டேன்.

"பறிக்கிறதா? எப்படி அத்தை பறிப்பேன்?"ன்னு அவ என்னைப் பாக்குறா. "நீங்க மஞ்சள் குங்குமம் வச்சுக் குடுத்தீங்க. காலையில எந்திரிச்சதும் இதுங்கிட்ட வான்னு சொன்னீங்க. புள்ளைக்கு நல்லதுன்னீங்க. தினமும் குளிச்சிட்டு வந்து விளக்கேத்தி மூணு சுத்து சுத்துறேன். காஞ்சு விழுற இலையைக்கூட மண்ணுலயே போட்டுடுவேன், குப்பையில போடுறதில்ல."

"துவையல்? வல்லாரைச் சட்னி?"

"புதினா வாசம் எனக்கு ஆகவே ஆகாதே அத்தை. குமட்டும். பக்கத்துல போறப்ப மூச்சைப் புடிச்சிக்கிட்டுத்தான் சுத்துவேன். உங்ககிட்ட சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லல."

எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. "துளசி? ஒரு இலையாவது வாயில போட்டிருப்பியே?"

"கோயில்ல குடுக்குறதைத்தான் போட்டுக்குவேன். இது நீங்க கையால செஞ்சு குடுத்தது. இதுல எப்படிக் கை வைக்கிறது?"

நான் அந்தப் பால்கனித் தரையில அப்படியே உக்காந்துட்டேன். அழறேனா சிரிக்கிறேனான்னு எனக்கே தெரியல. உமாவும் பயந்துபோய் பக்கத்துல உக்காரப் பாத்தா, அந்த வயித்தோட முடியல, சுவத்தைப் புடிச்சிக்கிட்டு நின்னா. எல்லாத்தையும் சொல்லிட்டேன். பலகை, கொட்டாய், கரையான், ஒன்னு விடல. கேக்கக் கேக்க அவ கை தானா வயித்து மேல போச்சு. முகம் வெளுத்துச்சு. பிறகு, "நீங்களும் மாமாவும் சாப்பிட்டீங்களா?"ன்னா. சாப்பிட்டோம்னேன். "எத்தனை நாளா? டாக்டர் என்ன சொன்னாங்க? மாமாவுக்கு ஏற்கெனவே சக்கரை வேற இருக்கே"ன்னு என்னை ஏசுறா தம்பி. உன் பொண்டாட்டி, வாய் தொறக்காதவ, என்னை அந்தப் பால்கனியில வச்சு அப்படி ஏசினா. எனக்கு அதைக் கேக்க எவ்வளவு சுகமா இருந்துச்சுன்னு சொன்னா நம்பமாட்ட. நாலு வருஷத்துல அன்னிக்குத்தான் அவ என் வீட்டுப் பொண்ணா பேசினா.

அன்னிக்கே அவ பாக்குற டாக்டர்கிட்ட போனோம். வாயில ஒன்னும் போகல, கையால தொட்டதோட சரின்னு கேட்டுக்கிட்டாங்க. கோலம் போட்ட கையைக் கழுவுவியான்னு கேட்டாங்க. சோப்பு போட்டுக் கழுவுவேன், புதினா வாசம் போகணும்லன்னா இவ. டாக்டரம்மாவே சிரிச்சிட்டாங்க. ஸ்கேன்ல புள்ளை வாயைத் தொறந்து கொட்டாவி விட்டுச்சு. நாங்க பட்ட பாட்டுக்கு அது கொட்டாவி விடுது, உன் புள்ளைதான், சந்தேகமே இல்ல. எங்க ரத்தமும் சுத்தம்னு பிறகு சொல்லிட்டாங்க. உங்கப்பா மட்டும் இன்னும் டீயில எதைப் போட்டாலும் மொதல்ல மோந்து பாக்குறாரு.

இப்ப உன் கதைக்கு வரேன். "உன் புருஷன் நீ ரெண்டு வேளை தின்னேன்னு சொன்னானே"ன்னு உமாகிட்ட கேட்டேன். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "என்கிட்ட, அம்மா உன் பூஜையைப் பத்திக் கேட்டு ரொம்ப சந்தோஷப்பட்டாங்கன்னுல்ல சொன்னாரு"ன்னா. எனக்குப் பூஜைங்கிற ஒன்னு நடக்குறதே தெரியாது. ஆக, அவ கும்பிடுறான்னு உனக்குத் தெரியும். நான் தின்னத்தான் குடுத்தேன்னும் உனக்குத் தெரியும். ரெண்டு பொம்பளைங்களும் மனசு நோகக் கூடாதுன்னு இவளுக்கு ஒரு கதை, எனக்கு ஒரு கதை. நீ கெட்ட எண்ணத்துல சொல்லலப்பா, எனக்குத் தெரியும். சின்னதுலேந்தே நீ இப்படித்தான். டியூஷன்லேந்து உன்னைக் கூட்டிட்டு வர உங்கப்பா மறந்துபோய், நீ மழையில நனைஞ்சு நடந்தே வந்த அன்னிக்கு, நான் அவரைத் திட்டுவேன்னு, அப்பா வந்தாரும்மா, வழியில மோட்டார் நின்னுபோச்சுன்னு சொன்ன. நான் மறுநாள் நம்ம மோட்டார் சைக்கிளைப் பாக்குற மெக்கானிக்கைப் போய்ப் புடிச்சு உலுக்கினேன். அந்த மனுஷன் இன்னிக்கும் என்னைக் கண்டா எதிர்ப் பக்கம் போறாரு. உண்மை தெரிஞ்சப்ப எனக்குக் கோவம் வரல. எவ்வளவு நல்ல புள்ளைன்னு உச்சி மோந்தேன். அங்க உன்னைக் கண்டிச்சிருக்கணும், கொஞ்சிட்டேன்.

அதனால இப்பச் சொல்றேன், கேட்டுக்கோ. ரெண்டு பேருக்கு நடுவுல சமாதானம் பண்றேன்னு இனிப்பா ஒரு பொய் சொல்லாத. சண்டை வந்தா வரட்டும். அவளுக்குப் புதினா புடிக்கலைன்னு நீ அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பேன், அப்புறம் தேங்காய்த் துவையல் அரைச்சு எடுத்துட்டு வந்திருப்பேன். எனக்கு மூஞ்சியைத் தூக்கவும் தெரியும், எறக்கவும் தெரியும். ஆனா இல்லாத துவையலை நம்பி நான் பட்ட அந்த ஒரு நாளை, என் சத்ருவுக்குக்கூட குடுக்க மாட்டேன். நாளைக்கு உன் புள்ளையும் உனக்கும் உமாவுக்கும் நடுவுல நின்னு இப்படி ஒரு கதை சொல்லும். அப்ப கொஞ்சாத.

பழைய பெட்டி ரெண்டையும் என்ன பண்ணோம்னு கேப்ப. எரிச்சா புகையும் விஷமாம். உங்கப்பாவோட கூட்டாளி ஒருத்தர் பேக்டரிக் கழிவு எடுக்குற இடத்துல இருக்காரு, பலகை, மண்ணு, செடி எல்லாத்தையும் பிளாஸ்டிக்ல கட்டி அவங்ககிட்ட குடுத்துட்டோம். எடுக்குறதுக்கு முன்னாடி உமா கையுறை போட்டுக்கிட்டு, ஈரத்துணியால அந்தக் குங்குமத்தைத் துடைச்சு எடுத்து, ஒரு தடவை கும்பிட்டா. எங்கண்ணன் கொட்டாயில மீதிக் கிடந்ததையும் அப்படியே அனுப்ப வச்சேன். வளைகாப்பை நீ வீடியோவுல பாத்த. நாங்க ரெண்டு பேரும் எதுக்கு அப்படிச் சிரிச்சோம்னு கேட்டியே, இதுக்குத்தான்.

புதுப் பெட்டி செஞ்சாச்சு. இந்தத் தடவை எங்க கிடந்த பலகைன்னு தெரிஞ்ச பலகை, நீ படிச்ச மேசை. கால் ஆடுதுன்னு ஸ்டோர்ல போட்டு வச்சிருந்தேன்ல, அதைப் பிரிச்சேன். பிரிச்சப்ப அடிப்பக்கத்துல காம்பஸ் முனையால கீறியிருக்கிறதைப் பாத்தேன். "அம்மா ஒழிக". எந்த வயசுல எழுதினியோ தெரியல, எழுத்து மட்டும் அழகா இருக்கு. அந்தப் பலகையை வெளிப்பக்கமா பாத்துப் போட்டிருக்கேன், வந்து படிச்சுக்கோ. உள்ள பிளாஸ்டிக் ஷீட்டும் போட்டாச்சு. பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு நீங்க சொன்னதுதான் சரின்னும் சொல்லிட்டேன். புதினா கிடையாது. கொத்தமல்லி, வல்லாரை, கற்பூரவல்லி. துளசி மட்டும் தனிச் சட்டியில, அது அவ கும்பிட.

குங்குமம் வைக்கல. கை போச்சு, இழுத்துக்கிட்டேன். உமாகிட்ட நேருக்கு நேரா நின்னு, "இது சாமி இல்ல, சாப்பாடு. பறி, தின்னு, புடிக்கலைன்னா புடிக்கலைன்னு சொல்லு"ன்னு சொன்னேன். அவ குனிஞ்சு, வல்லாரையில ஒரு இலையைக் கிள்ளினா. கழுவினா. வாயில போட்டுக்கப் போறான்னு நான் பாத்துக்கிட்டே நிக்கிறேன். அவ என் பக்கம் திரும்பி, முகத்துல ஒரு சிரிப்பில்லாம, இலையை என் வாய்க்கு நேரா நீட்டி, "மொதல்ல நீங்க, அத்தை"ன்னா.

மென்னு முழுங்கினேன். அவ நான் முழுங்குற வரைக்கும் பாத்துட்டு, அப்புறம்தான் சிரிச்சா. பிறகு ஒன்னு கிள்ளி அவளும் தின்னா. கசக்குது, கொஞ்சம் தேங்காய் போட்டா நல்லா இருக்கும்னு என் முகத்துக்கு நேரா சொன்னா. இனிமே அவ என்ன சாப்பிட்டா, எது புடிச்சுச்சு, எது புடிக்கலைன்னு உன்னைக் கேக்க மாட்டேன். அவளையே கேட்டுக்குவேன். எங்களுக்கு நடுவுல உனக்கு இருந்த வேலை போயிடுச்சுப்பா. சீக்கிரம் வந்து புள்ளையைத் தூக்கிக்கிற வேலையைப் பாரு.

அம்மா